கீமோ எடுக்கும்போது மஞ்சள் கவசமாகுமா? உழவர் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மஞ்சள் சாகுபடிப் பயிற்சிக்காக ஈரோடு, சேலம் பக்கம் போகும்போது, விதைக்கிழங்கு நேர்த்தி, கிழங்கு அழுகல், இலைப்புள்ளி எல்லாம் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் தனியாக வந்து ஒரு கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. "வீட்ல கீமோ ஏத்திக்கிட்டு இருக்காங்க சார். முடியெல்லாம் கொட்டிப் போச்சு, வாயெல்லாம் புண்ணு. மஞ்சள் மாத்திரை கொடுத்தா நல்ல செல்லுக்குப் பாதிப்பு வராதுன்னு போன்ல வீடியோ வந்துச்சு. கொடுக்கலாமா?"

நியாயமான கேள்விதான். செடிகளில் உள்ள சில பொருள்கள், கீமோ மருந்தின் நச்சிலிருந்து உடம்பின் நல்ல செல்களைக் காக்குமா என்று பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது. அந்த ஆராய்ச்சியில் நம் மஞ்சளும் இஞ்சியும் முன்வரிசையில் இருக்கின்றன. ஆனால் ஆய்வகத்தில் எலிக்குக் கிடைத்த பலனை நம்பி நோயாளிக்குக் கொடுத்துவிட முடியாது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழம்பிலும் ரசத்திலும் வழக்கமாகப் போடும் மஞ்சளைப் பற்றிப் பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. மாத்திரை, கேப்சூல், செறிவூட்டிய சாறு, தினசரிக் கஷாயம் என்று மருந்து அளவில் எதையும், கீமோ நடக்கும் காலத்தில் சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். நான் வேளாண் விஞ்ஞானி, மருத்துவர் இல்லை. ஆனால் இதற்கான காரணத்தை நம் வயல் அனுபவத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கீமோ மருந்து யாரைத் தாக்குகிறது?

களைக்கொல்லி பயன்படுத்துபவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். புற்றுநோய்ச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுபவை. பெரும்பாலான பழைய கீமோ மருந்துகள், வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைக் குறிவைக்கின்றன. நம் உடம்பில் வேகமாகப் பெருகும் நல்ல செல்களும் இருக்கின்றன. முடியின் வேர், வாய் மற்றும் குடலின் உட்புறச் சவ்வு, எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் செல்கள் ஆகியவை அப்படிப்பட்டவை. மருந்து இவற்றையும் சேர்த்தே அடிக்கிறது. முடி கொட்டுவதும், வாய்ப்புண்ணும், பேதியும், வெள்ளையணு குறைவதும் இதனால்தான்.

இதைத் தவிர ஒவ்வொரு மருந்துக்கும் தனிக் குணம் உண்டு. "சிவப்பு மருந்து" என்று நோயாளிகள் சொல்லும் டாக்ஸோரூபிசின், மொத்த அளவு கூடக்கூட இதயத் தசையைப் பாதிக்கும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் தாக்கும். வின்கிறிஸ்டின் நரம்பைத் தாக்கி, கை கால் விரல்களை மரத்துப்போகச் செய்யும்.

இந்த வின்கிறிஸ்டின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிடும் நித்யகல்யாணிச் செடியிலிருந்துதான். அமெரிக்காவில் 1963-லேயே மருந்தாக அனுமதி பெற்றது. ஒரு கிராம் பிரித்தெடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அவ்வளவு குறைந்த அளவிலேயே வேலை செய்யும் வீரியமான பொருள் அது. "மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செடியே போதுமான பதில். நித்யகல்யாணி இலையை வீட்டில் கஷாயம் வைத்துக் குடிப்பது ஆபத்து.

பயிருக்கு மட்டும் கவசம்

நெல்லில் சேற்று விதைப்பு செய்பவர்களுக்குப் பிரிட்டிலாகுளோர் களைக்கொல்லி தெரிந்திருக்கும். நடவு வயலுக்கு உள்ளதைக் கொண்டுபோய், முளைகட்டி விதைத்த வயலில் அடித்தால் நெல்லின் முளையும் பாதிக்கப்படும். அதனால் நாற்றங்காலுக்கும் நேரடி விதைப்புக்கும் "சேஃப்னர்" கலந்த பிரிட்டிலாகுளோரைப் பரிந்துரைக்கிறோம்.

அந்தச் சேஃப்னரின் பெயர் ஃபென்குளோரிம். நெற்பயிருக்குள் குளுட்டதயோன் என்ற பொருள் இயல்பாகவே இருக்கிறது. களைக்கொல்லியைப் பிடித்துக் கட்டி, வீரியம் இழக்கச் செய்வது அதுதான். ஃபென்குளோரிம் இந்த வேலையை முடுக்கிவிடுகிறது. நெல் தப்பிக்கிறது. குதிரைவாலிப் புல்லுக்கு அதே அளவு பாதுகாப்பு கிடைப்பதில்லை, அதனால் புல் சாகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கவசம் பயிருக்குக் கிடைத்தது, களைக்குக் கிடைக்கவில்லை. களைக்கும் சேர்த்துக் கிடைத்திருந்தால் அந்தச் சேஃப்னரால் நமக்கு ஒரு பயனும் இல்லை. மருந்துச் செலவு வீண், களை அப்படியே நிற்கும்.

புற்றுநோய் மருத்துவத்திலும் சேஃப்னர் போன்ற மருந்துகள் இருக்கின்றன. சைக்ளோபாஸ்பமைடு, ஐஃபாஸ்பமைடு மருந்துகளின் கழிவு, சிறுநீர்ப்பையைப் புண்ணாக்காமல் இருக்க மெஸ்னா என்ற மருந்து கொடுப்பார்கள். அது சிறுநீர்ப் பாதையிலேயே வேலை செய்வதால் மற்ற இடங்களில் கீமோவின் வீரியம் குறைவதில்லை. மீத்தோடிரெக்ஸேட் அதிக அளவில் ஏற்றினால், மணிக்கணக்குப் பார்த்து அதற்குப் பிறகு லியூக்கோவோரின் கொடுப்பார்கள்.

டாக்ஸோரூபிசினிலிருந்து இதயத்தைக் காக்க டெக்ஸ்ராஸாக்ஸேன் என்ற மருந்து உண்டு. இதயத்தைக் காப்பது நிரூபணமான மருந்து அது. அப்படியிருந்தும், கீமோவின் பலனைக் குறைத்துவிடுமோ என்ற ஐயம் ஓர் ஆய்வில் எழுந்ததால், மார்பகப் புற்றுநோயில் டாக்ஸோரூபிசினின் மொத்த அளவு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம் ஆன பிறகே இதைச் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் வரையறுத்தார்கள். நிரூபணமான கவசத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது.

ஆய்வுகளில் கிடைத்த நல்ல செய்தி

மஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமின்தான் அதிகம் ஆராயப்பட்ட பொருள். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், டாக்ஸோரூபிசின் செலுத்திய எலிகளுக்கு முன்னும் பின்னும் குர்குமின் கொடுத்தபோது, இதயப் பாதிப்பு குறைந்தது. பிறகு கல்லீரல், சிறுநீரகம் குறித்தும் விலங்குகளில் இதேபோன்ற முடிவுகள் வந்தன. கீமோ மருந்தால் செல்லுக்குள் உருவாகும் சிதைவைக் குர்குமின் தணிக்கிறது, செல்லின் குளுட்டதயோனையும் கூட்டுகிறது என்பது விளக்கம்.

ஆனால் அளவைக் கவனியுங்கள். அந்த எலிகளுக்குக் கொடுத்தது, எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் குர்குமின். எலிக் கணக்கை அப்படியே மனிதருக்குப் பெருக்குவது சரியான முறை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் சொல்கிறேன்: 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 12 கிராம் குர்குமின். குர்குமின் 3 சதவீதம் உள்ள மஞ்சள் என்றால் 400 கிராம் தூள். இதைக் குழம்பில் போடும் ஒரு சிட்டிகையோடு சேர்த்துப் பேசவே முடியாது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளிலும் சில நம்பிக்கை தருகின்றன. அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சிக்கு இணையான கேப்சூல், கீமோ ஏற்றிய முதல் நாளில் வரும் குமட்டலைக் குறைத்தது. அவர்கள் எல்லோரும் வாந்தியைத் தடுக்கும் வழக்கமான மருந்தையும் சேர்த்தே எடுத்தவர்கள். மங்களூரில் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள் மஞ்சள் கரைசலால் வாய் கொப்பளித்தபோது, வாய்ப்புண் தாமதமாகவும் கடுமை குறைந்தும் வந்ததாக 2014-ல் பதிவானது.

இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ஒன்று குமட்டல் என்ற உபாதையைத் தணித்தது. இன்னொன்று வாயின் மேற்பரப்பில் மட்டும் வேலை செய்தது. உடம்பு முழுவதும் பரவி, நல்ல செல்லை மட்டும் காத்து, புற்றுநோய்ச் செல்லை விட்டுவிடும் என்பதற்கு இவை சான்று ஆகாது.

களைக்கும் கவசம் கிடைத்தால்?

2002-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனித மார்பகப் புற்றுநோய்ச் செல்களைச் சுண்டெலிகளில் வளர்த்து, சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தார்கள். சாதாரணத் தீவனம் தின்ற எலிகளில் கட்டி சுருங்கியது. குர்குமின் கலந்த தீவனம் தின்ற எலிகளில் அந்தச் சுருக்கம் தடைபட்டது. சேஃப்னர் களைக்கும் கிடைத்த கதைதான் இது. கீமோ மருந்துகள் பலவும் செல்லுக்குள் சிதைவை உண்டாக்கித்தான் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கின்றன. அந்தச் சிதைவையே தணித்துவிட்டால் நல்ல செல்லோடு கெட்ட செல்லும் பிழைத்துக்கொள்ளலாம். சிஸ்பிளாட்டினுக்குச் சாகாமல் நிற்கும் புற்றுநோய்ச் செல்கள் பலவற்றில் குளுட்டதயோன் கூடுதலாக இருப்பதையும் விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள்.

குர்குமின் கீமோவுக்குத் துணை செய்தது என்று காட்டும் ஆய்வக முடிவுகளும் இருக்கின்றன. எந்த மருந்து, எந்தப் புற்றுநோய், எவ்வளவு அளவு, எந்த நேரம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. போனில் வரும் வீடியோவில் இதையெல்லாம் சொல்வதில்லை.

இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள். எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா புற்றுநோய்க்குப் போர்டிசோமிப் என்ற மருந்து கொடுப்பார்கள். பச்சைத் தேயிலையில் உள்ள ஒரு பொருள் அந்த மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்வதை 2009-ல் ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டார்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 1,134 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2020-ல் வந்தது. கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகள் எடுத்தவர்களிடம் நோய் திரும்பும் போக்கு கூடுதலாகத் தென்பட்டது. அந்த எண்ணிக்கையை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "எடுத்தால் நல்லதுதானே" என்ற நம்பிக்கைக்கு அது எதிராக இருக்கிறது.

மிளகு சேர்த்தால் என்ன ஆகும்?

குர்குமின் குடலில் எளிதில் உறிஞ்சப்படாது. வாய்வழி எடுப்பதில் பெரும்பகுதி வீணாகிவிடும். பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-ல் 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. அதனால்தான் கடையில் விற்கும் பல மஞ்சள் கேப்சூல்களில் மிளகுச் சாறு சேர்க்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல். பைப்பரின், கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகளின் வேகத்தைக் குறைக்கிறது. கீமோ மருந்துகள் பலவும் அதே நொதிகளால்தான் உடைகின்றன. வின்கிறிஸ்டினும் அவற்றில் ஒன்று. மருத்துவர் கணக்குப் போட்டு ஏற்றிய அளவு, உடைபடாமல் ரத்தத்தில் தங்கினால், காக்க நினைத்துக் கொடுத்த கேப்சூலே நச்சைக் கூட்டிவிடக்கூடும். பம்ப்ளிமாஸ் போன்ற சில பழங்களைக் கீமோ காலத்தில் தவிர்க்கச் சொல்வதும் இந்தக் காரணத்தால்தான்.

மஞ்சள் கேப்சூல் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவுகள் உள்ளன. கீமோ நோயாளிக்கு அடுத்த தவணை ஏற்றுவதற்கு முன் கல்லீரல் பரிசோதனை செய்வார்கள். அதில் அளவு ஏறியிருந்தால் தவணை தள்ளிப்போகும். காரணம் கீமோவா, நாம் கொடுத்த கேப்சூலா என்று மருத்துவருக்குத் தெரியாமல் போனால், மருந்தை மாற்ற வேண்டிய நிலைகூட வரலாம்.

சமையல் அளவும் மாத்திரை அளவும்

ஒருவர் ஒரு நாளில் உணவோடு 2 கிராம் மஞ்சள்தூள் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 3 சதவீதக் கணக்கில் அதில் 60 மில்லிகிராம் குர்குமின் இருக்கும். 95 சதவீதம் செறிவூட்டிய 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் 475 மில்லிகிராம் இருக்கும். அது சுமார் 16 கிராம் தூளுக்குச் சமம். நாளுக்கு இரண்டு கேப்சூல் என்றால் 32 கிராம் தூள். அதோடு பைப்பரினும் சேர்ந்தால் ரத்தத்தில் சேரும் அளவு எங்கோ போய்விடும். "காலங்காலமாக மஞ்சள் சாப்பிடுகிறோமே" என்ற வாதம் குழம்புக்குப் பொருந்தும், கேப்சூலுக்குப் பொருந்தாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. நோயாளி எடுக்கும் சூரணம், லேகியம், கஷாயம், கேப்சூல், சத்து மாவு, பச்சிலைச் சாறு எல்லாவற்றையும் பட்டியல் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைக்க வேண்டாம். சித்த மருத்துவரிடம் போனால், கீமோ மருந்தின் பெயரையும் அடுத்த தேதியையும் அவரிடமும் சொல்லுங்கள்.

2. வாய்ப்புண், குமட்டல், பேதி வந்தால் பொறுத்துக்கொண்டு வீட்டு வைத்தியம் தேடாமல் மருத்துவமனையில் சொல்லுங்கள். இவற்றுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. இஞ்சி எடுக்க விரும்பினாலும் கேட்டுவிட்டு எடுங்கள். ரத்தத் தட்டணு குறைந்திருந்தால் வேண்டாம் என்பார்கள்.

3. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நிலவேம்புக் கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். வெள்ளையணு குறைந்த நேரத்துக் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாக மாறலாம். இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

4. கீமோ காலத்தில் எருக்குழி கிளறுவது, மக்கிய குப்பை அள்ளுவது, பூசணம் பிடித்த வைக்கோலை உதறுவது, பூச்சிமருந்து கலப்பது போன்ற வேலைகளை வேறு யாராவது பார்க்கட்டும். மண்ணிலும் எருவிலும் உள்ள பூசண வித்துகள் நுரையீரலைத் தாக்கக்கூடும். காய்கறி, கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்துக் கொடுங்கள். காய்ச்சாத பால் வேண்டாம்.

5. கஷாயத்தை நம்பிக் கீமோவைப் பாதியில் நிறுத்தாதீர்கள். களைக்கொல்லியைப் பாதி அளவில் அடித்தால் தப்பிப் பிழைக்கும் களை அடுத்த முறை மருந்துக்கு அடங்காததை வயலில் பார்த்திருப்பீர்கள். தவணை தாங்க முடியவில்லை என்றால் அளவைக் குறைக்கவும் இடைவெளியைக் கூட்டவும் மருத்துவருக்கு வழி தெரியும்.

விளைவிப்பவர்களும் விற்பவர்களும் கவனிக்க

மஞ்சளை அரைத்து, பொட்டலம் போட்டு, நேரடியாக விற்கும் உழவர்களும் உற்பத்தியாளர் நிறுவனங்களும் பெருகியிருப்பது நல்ல வளர்ச்சி. ஆனால் பொட்டலத்தில் "புற்றுநோயைக் குணப்படுத்தும்" என்று அச்சிடுவது சட்டப்படி குற்றம். 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டத்தில், அப்படி விளம்பரம் செய்யத் தடை விதித்த நோய்களின் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளும் இதை அனுமதிப்பதில்லை. சட்டத்தைவிட முக்கியம், அந்த ஒரு வரியை நம்பி யாரோ ஒருவர் சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடும்.

பெருமையாக அச்சிட வேறு விஷயங்கள் இருக்கின்றன. ரகத்தின் பெயர், குர்குமின் சதவீதம், ஆய்வகச் சான்று, அறுவடை ஆண்டு ஆகியவற்றைப் போடுங்கள். சாதாரண மஞ்சளில் 2 முதல் 5 சதவீதம் வரை குர்குமின் இருக்கும். பிரதிபா போன்ற ரகங்களில் 6 சதவீதத்தைத் தாண்டும். நிறத்துக்காக ஈய குரோமேட் போன்ற சாயத்தைத் தொடவே கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு.

"கேன்சர் மருந்துக்குப் போகும் மூலிகை, ஏக்கருக்கு லட்சக்கணக்கில் லாபம்" என்று சொல்லி விதைக்கும் நாற்றுக்கும் முன்பணம் கேட்டு யாராவது வந்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். வாங்கப் போகும் நிறுவனம் எது, அதன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் எங்கே? எந்தப் பொருளை, எத்தனை சதவீதத்துக்கு, யார் பரிசோதிப்பார்கள்? தரம் குறைந்தால் சரக்கு யார் தலையில்? தெளிவான பதில் வராவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்த பிறகு முடிவு எடுங்கள்.

குர்குமினை நோயாளிகளுக்குப் பத்திரமாகக் கொடுக்கும் வழி ஒருநாள் கிடைக்கலாம். அது கிடைக்கும்போது எந்த மருந்தோடு, எந்த நாளில், எத்தனை மில்லிகிராம் என்ற அளவோடு, மருத்துவரின் சீட்டில் எழுதி வரும். அதுவரைக்கும் அடுத்த தவணைக்குக் கிளம்பும்போது, வீட்டில் உள்ள எல்லா டப்பாக்களையும் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும்.